எதிர்த்தடத்தில் நிலக்கரி

உலகமே கொக்கு பார்க்க இங்கே வருகிறது.
மார்ச் மாதத்தில் பிளாட் ஆற்றுத் திட்டுகளில்
லட்சக்கணக்கில் இறங்கும்.
நாங்கள் ஆறு பேர் அவற்றுக்கு முதுகைக் காட்டி,
அறுத்த சோளக்காட்டின் ஓரம்
தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கிறோம்.
சுற்றுலா பஸ்ஸில் போன ஒருத்தி
எங்களைத்தான் படமெடுத்தாள்.

நெப்ராஸ்காக் காற்று
கையுறைக்குள் புகுந்து விரல்களை எண்ணிப் பார்க்கிறது.

செய்தி இதுதான்: கிழக்கேயிருந்து ஒரு எஞ்சின்.
மூழ்கிப்போன ஏதோ கம்பெனியின் நிறத்தைப்
போன மாதம்தான் அதற்குப் பூசினார்களாம்.
பட்டாணிப் பச்சை, இடுப்பில் ஆரஞ்சுக் கோடு.
ஃப்ரீமான்டில் 2:10க்குப் பார்த்தேன் என்றான் ஒருவன்.
கொலம்பஸில் 3:05, சாட்சிக்கு
ஒரு விரல் மறைத்த படம்.
கிராண்ட் ஐலண்டில் ஆள் மாறினார்கள்.
அதன் பிறகு பேச்சுமூச்சில்லை.

லாவெர்ன் ஹ்ருஷ்கா ஏணியின் மூன்றாம் படியில்.
எட்டு வருடமாக அதே ஏணி, அதே படி.
நான்காவதில் ஏறினால் தந்திக்கம்பம் குறுக்கே வருமாம்.
க்வின் ட்ராங் லிங்கனில் பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள்.
பல்வலி என்று விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்,
அதுவும் அவரிடமே.
நான் தானியக் கிடங்கில் எடைமேடை பார்ப்பவள்.
கேமரா கிடையாது, நோட்டு மட்டும்.
எண், நேரம், திசை.
கண்ணால் காணாத எதையும்
பத்தொன்பது நோட்டில் எங்கும் எழுதியதில்லை.

6:40.
வெளிச்சம் தேன் மாதிரி சாய்ந்து
தண்டவாளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பூசியது.
லாவெர்ன் மூச்சை அடக்கினார்.
கிழக்கே தூரத்தில் மூன்று விளக்கு, முக்கோணமாக.
"அதுதான்" என்றாள் க்வின், குரல் கம்ம.

அப்போது மேற்கேயிருந்து,
எங்களுக்கும் அதற்கும் நடுவேயுள்ள தடத்தில்,
நிலக்கரி.

அவசரமே இல்லாத நிலக்கரி.
ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, இன்னொன்று,
கருப்புக்குப் பின்னால் கருப்பு.
அதன் மறுபக்கம் ஒரு ஹார்ன் கேட்டது,
இந்தத் தடத்தில் நாங்கள் கேட்டறியாத ஐந்து சுரம்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே ஏதோ மின்னியது.
பச்சை என்றார் லாவெர்ன். பச்சை என்று நினைத்தார்.
ஆறு கேமரா கைகளின் கணக்கில்
ஐந்து கீழே இறங்கின. ஆறாவது என்னுடையது,
அதில் பேனா.

நூற்று முப்பத்தொரு பெட்டி. நான் எண்ணினேன்.
வேறென்ன செய்வது?

கேட் திறந்ததும் அந்தப் பக்கமிருந்து வந்தான் லீபான்.
லெக்சிங்டன் இறைச்சி ஆலையில் ஷிஃப்ட் முடியத் தாமதம்,
கேட்டில் மாட்டிக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தானாம்.
"கிடைச்சுது" என்று போனை நீட்டினான்.
ஆறு தலைகள் ஒரே போனுக்குள்.

சூரியனுக்கு நேரெதிரே எடுத்த படம்.
எஞ்சின் முழுக்க இருட்டு, எண்கூடத் தெரியவில்லை.
பச்சையுமில்லை, ஆரஞ்சுமில்லை.
கீழே சக்கரங்களுக்கிடையில்
சில கால்கள், ஓர் ஏணியின் அடிப்படி.
"என் ஷூ" என்றார் லாவெர்ன்.
"இது யார், இந்தக் கோணல் கால்?"
என்னுடையது. நான் சொல்லவில்லை.

பிறகு வழக்கு ஆரம்பித்தது.
கேட்டது பார்த்ததாகுமா?
ஹார்ன் சாட்சியா?
மின்னலுக்கு அரை மதிப்பெண் உண்டா?
க்வின் ஆகும் என்றாள். லாவெர்ன் கூடாது என்றார்,
பார்த்ததாக முதலில் சொன்னவரே அவர்தான்.
லீபான் என் நோட்டை எட்டிப் பார்த்தான்.

எழுதினேன்:
6:43. மேற்கு நோக்கி. ஒலி மட்டும்.
அதற்கென்று ஒரு கட்டம் இல்லை,
ஓரத்தில் கோடு போட்டுச் சேர்த்தேன்.

முதுகுக்குப் பின்னால் கொக்குகள் இறங்கத் தொடங்கியிருந்தன,
துருப்பிடித்த கீல்கள் ஆயிரம் ஒன்றாகத் திறப்பதுபோல் இரைந்தபடி.
க்வின் திரும்பி ஒரே ஒரு படம் எடுத்தாள்.
ஃபோகஸ் பிடிக்கவில்லை என்று அழித்தாள்.

லாவெர்ன் ஏணியை மடித்தார். பாதி மடித்து நிறுத்தினார்.
கீர்னியில் அது ஓரமாக நிற்கிறதாம்,
யாரோ சொன்னார்களாம்,
விளக்கு இருக்கிறதாம், போனால் கிடைக்குமாம்.

நான்கு கார்கள்.
யாரும் சீட் பெல்ட் போடக் காத்திருக்கவில்லை.