பத்துக்கு மூன்று

பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் எஞ்சின் விற்கிறவன் நான்.
"ஓடுமா அண்ணே?" என்று கேட்பவர்களிடம்
"பத்துக்கு ஏழு ஓடும்" என்பேன்.
மிச்ச மூன்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

அத்தானைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள்
டொக்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார்.
சின்னப் பெடியன்,
கண்ணுக்குக் கீழே மூன்று இரவின் கறுப்பு.
சிறுநீரில் தொடங்கியது இரத்தத்தில் ஏறிவிட்டது,
இனிக் குழாய் போட்டு மிசினில்தான் மூச்சு என்றார்.
பிறகு சிங்களத்தில், மிக மெதுவாக,
தஹயென் துனய்.

அக்கா சுவரோரம் நின்றாள்.
ஒரு கையில் பிளாஸ்க், மற்றதில் அவருடைய செருப்பு.
"என்னவாம்?"
"மருந்து பிடிக்குதாம். கொஞ்ச நாள் எடுக்குமாம்."
தலையாட்டினாள்.
செருப்பைப் பைக்குள் வைத்தாள்.

வந்த நோய் ஒன்று.
வந்த இடத்தில் சேர்ந்துகொண்டவை
குழாய் வழியே சளி, ஊசி வழியே கிருமி,
புரட்டிவிட ஆள் போதாத இரவுகளில்
முதுகின் அடியில்
ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஒரு புண்.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்து வாட்டுக்கு அனுப்பினார்கள்.
அத்தானோ துறைமுகத்துக்குப் போய்விட்டார்.
கட்டிலில் கிடந்தபடி கொள்கலன் எண்ணினார்:
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு...
"கேட்டைத் திற, லொறி நிக்குது" என்று
மிஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்.
ஊசியைப் பிடுங்காதபடி
பன்டேஜ் துணியால் கைகளைக் கட்டியிருந்தார்கள்.
அக்கா கட்டை அவிழ்க்கவில்லை.
குனிந்து அவர் காதருகே
"தொண்ணூற்றெட்டு" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் தினித். ஹோமாகமப் பெடியன், டெங்கு.
எழுந்து உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்தான்,
ஸ்கோரை எனக்கும் சொன்னான்.
நாளை மறுநாள் வீடு என்றார்கள்.
அவனுக்கு யாரும் பத்துக் கணக்குச் சொல்லவில்லை.
வியாழக்கிழமை காலை
ஒரு அற்றண்டன் அந்த மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தான்.
தகப்பன் புதுச் சேட்டும் செவ்விளநீரும் கொண்டுவந்திருந்தார்.
சேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
இளநீர் இரண்டையும் எங்கள் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்.
அதை யாரும் வெட்டவில்லை,
எறியவும் இல்லை.

நாற்பத்தோராம் நாள் அத்தானைக் கதிரையில் இருத்தி
கொட்டாஞ்சேனை மாடியில் மூன்று தட்டு தூக்கி ஏற்றினோம்.
பாரமே இல்லை. அதுதான் பாரம்.
துண்டில் 'குணமடைந்து வீடு சென்றார்' என்ற கருத்தில் ஒரு வரி.
கரண்டி கையில் நிற்காது.
மகள் சோதனை எழுதியது ஞாபகமில்லை.
மழை இரைச்சல் கேட்டால் மட்டும்
உதடு அசைந்து எண்ணத் தொடங்கும்.
மூன்றில் சேர்ந்தாரா, ஏழில் சேர்ந்தாரா,
யாரிடம் கேட்பது?

ஓரிரவு உடுப்புக் காயப்போட்டபடி அக்கா சொன்னாள்:
"பத்துக்கு மூண்டு எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாம் நீ.
புறக்கோட்டைத் துணிக்கடையில பதினொரு வருசம் நிண்டனான்,
எனக்குச் சிங்களம் விளங்காதே?"
"பின்னை ஏன் என்னட்டக் கேட்டனி?"
அவள் ஒரு கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.
"வேற மாதிரியும் ஒருக்காக் கேக்க வேணும் போல இருந்தது."

இன்று கடைக்கு ஒருவன் வந்தான், வானுக்கு எஞ்சின் தேடி.
"ஓடுமா அண்ணே?"
வாய்வரை வந்துவிட்டது ஏழு.
எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தேன்.
"தெரியாது தம்பி. பூட்டிப் பார்ப்பம்" என்றேன்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
எதிர்க்கடைக்குப் போனான்.