கொடிமலைக்கு மூன்று போத்தல்

ஆயர் ஈத்தாம் அடிவாரம். மதியம் இரண்டு மணி.
வெயில் முப்பத்து மூன்று டிகிரி.
கையில் ஐஸ் பை சுற்றிய பெட்டி,
பெட்டிக்குள் மூன்று போத்தல்.
குலுக்காதே, சாய்க்காதே, வெயில் காட்டாதே என்று
மூன்று முறை சொல்லி அனுப்பினாள் மேய் சுவான்,
நான் என்னவோ பச்சைப்பிள்ளையைத்
தடுப்பூசிக்குத் தூக்கிப் போவதுபோல.

மேலே ஒரு பங்களாவில் இரவு விருந்து.
கிரெனாஷ் அறுபது, சிரா நாற்பது.
தொள்ளாயிரத்து இருபது மீட்டர் உயரத்தில்
கல்லுக்கும் காற்றுக்கும் நடுவே காய்த்தது என்கிறது லேபிள்.
பகலெல்லாம் பொசுக்கி
இரவில் பல் கிட்ட வைக்கும் மலையாம்.
அப்படி வளர்ந்தால்தான் தோல் தடிக்குமாம், புளிப்பு நிற்குமாம்.
எனக்குத் தெரியாதா.
பட்டர்வொர்த் அடுக்குமாடியில்
கடைசி மாடிதான் எங்கள் வீடு.

வண்டி ஏறத் தொடங்கியது.
பக்கத்து இருக்கையில் மலைக்கோயில் குருக்கள்,
மடியில் தூக்கு நிறையப் பால்.
சுரங்கத்துக்குள் நுழைந்ததும் நின்றது.
விளக்கும் போனது.
செபெந்தார், செபெந்தார் என்றது ஒரு குரல்.

இருட்டில் அவர் தூக்கும் என் பெட்டியும்
இடித்துக்கொண்டன.
"என்னம்மா அது?"
கொஞ்சம் யோசித்தேன்.
"திராட்சை, சாமி."
"பழமா?"
"பழமாத்தான் இருந்துச்சு."
அவர் சிரித்தது கேட்டது.
"எந்த ஊரு?"
"ஏதோ ஒரு மலை."
"மலைன்னா நம்மாளு ஊருதான்" என்றவர்
தூக்கை நகர்த்திப்
பெட்டிக்கு இடம் விட்டார்.

கொடிமலை என்கிறோம்.
உச்சியில் எவனோ ஏற்றிய கொடிக்கு வந்த பெயர்.
வேறொரு கொடி
வேரில்லாமல் இலையில்லாமல்
என் மடியில் உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்ததை
அந்த இருட்டில்தான் நினைத்தேன்.

மேலே இருபத்திரண்டு டிகிரி. பனி.
பெட்டியைத் திறந்தால்
போத்தல்களுக்கு வியர்த்திருந்தது.
முதல் மிடறு எனக்கு. அது வேலை.
சுழற்றி, முகர்ந்து, நாக்கில் புரட்டி,
துப்பிவிட வேண்டும்.

பயிற்சியில் படித்த பழங்கள்
பாதிக்குமேல் நான் கண்ணால் பார்க்காதவை.
மனப்பாடம் செய்து தேறினேன்.
தேறல் என்ற சொல்லையும் அப்படித்தான்,
படிவம் ஐந்தில்:
தெளிந்த மது, ஒரு மதிப்பெண்.

கிரெனாஷ் முதலில் வந்தது,
செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கும் விருந்தாளி மாதிரி.
வெயிலில் சூடேறிய ஜம்பு,
அடியில் கொஞ்சம் உப்பு, அசாம் போய் உப்பு.
சிராவுக்கு அவசரமில்லை.
மங்குஸ்தான் தோலைக் கீறினால்
நகக்கண்ணில் ஏறுமே, அந்தக் கறை.
கொஞ்சம் கரி.
அப்புறம் தொண்டைக்குப் பக்கத்தில்
மிளகு.

மிளகா?
இன்னொரு மிடறு.
மிளகேதான்.
யாரும் போடவில்லை,
தோலில் தானாக ஊறியது.
ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாய் மிளகு கொடுத்து
இதை வாங்கிக் குடித்தோம்.
கப்பலேறிப் போனது
இத்தனை நூற்றாண்டு கழித்து
கோப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது,
கடைக்காரன் மறந்த சில்லறையைக்
கூப்பிட்டுக் கொடுப்பதுபோல.

அந்த மிடறைத் துப்பவில்லை.

விருந்தில் கேட்டார்கள்.
காட்டுப் பழங்கள், வயலட் பூ என்று
பாடப்புத்தகமாய் ஒப்பித்தேன்.
அழகாகத் தலையசைத்தார்கள்.
டத்தோ ஒருவர்
மூன்று ஐஸ் கட்டி போட்டுக்கொண்டார்.
மேய் சுவான் இங்கே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

கடைசி வண்டி.
பெட்டிக்குள் காலிப் போத்தல்கள்
கீழே இறங்கும் அவசரத்தில் கிணுகிணுத்தன.
கோயில் பக்கம் விளக்கு அணைந்திருந்தது.
மூடியின் மேல் பார்த்தேன்,
காய்ந்துபோன பால், இரண்டு சொட்டு.
துடைக்கக் கை போனது.
அதற்குள் சுரங்கம் வந்துவிட்டது.