ம்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில
பச்சைத் திரைக்குப் பின்னால ஒரு ஸ்டூல்.
அந்தப் பிள்ள கையில துப்பாக்கி கணக்கா ஒரு சாமான்,
முனையில பட்டாணி அளவு ரப்பர்.
பேரு ஷெரின் ஜெபக்கனி, நாசரேத்துக்காரி, கடைசி வருசம் படிக்கா.
"தோள்ல அழுத்துவேன் அக்கா.
அழுத்தம் வலியா மாறுத அந்த நேரத்துல
ம்-னு சொல்லணும். தாங்கப்படாது."

தாங்கப்படாது.
திரும்பி அவ முகத்தைப் பார்த்தேன்.
வெளையாட்டுக்குச் சொல்லலை.

பதினோரு வயசுல மடியில முறம் ஏறிச்சு.
மேலப்பாளையத்துல அதுக்குப் பிறகு நான் பார்த்த ஆகாசமெல்லாம்
இலை வெட்டுத அளவுதான்.
நாளைக்கு எண்ணூறு பீடி.
வலது தோளுக்குள்ள புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு,
நூலை இழுத்து அறுக்கும்போதெல்லாம்
உள்ள இருந்து அதுவும் இழுக்கும்.

ஒரு கிலோ. ரெண்டு.
எதிர்ச் சுவத்துக் காலண்டர்ல அமாவாசை என்னைக்குன்னு பார்த்தேன்.
மூணு.
நாலு கிலோவுல அவளே பயந்து கையை எடுத்துட்டா.
மறுநாள் அந்த இடம் நாவப்பழ நிறம்.

"ஏன் சொல்லலை?"
"இன்னும் இருக்குன்னு நெனச்சேன்."

நான் வேற என்ன சொல்ல?
ம்-னா எங்க வீட்டுல சரின்னு அர்த்தம்.
சோறு போடுன்னா ம்.
நகையைக் கழட்டுன்னா ம்.

பிறகு பன்னிரண்டு நாள், நாளுக்கு இருவது நிமிசம்.
பெருவிரலை முடிச்சு மேல வச்சு
அவசரமில்லாம இறங்குவா,
ஆத்து மணல்ல கால் புதையுத மாதிரி.
விரல் ஓஞ்சா முழங்கை.
ஒரு தடவை ஐந்தருவியில பொம்பளைங்க பக்கம் நின்னுருக்கேன்.
தண்ணி குத்துன குத்துல கழுத்து எங்க இருக்குன்னே தெரியலை,
வெளிய வந்ததும் பேய்ப் பசி.
அதே பசி இங்கயும்.
பஸ் ஸ்டாண்டுல நின்னு நாலு உளுந்தவடை தின்னேன்,
யாருக்கும் பொட்டலம் கட்டலை.

மசாஜ் முடிஞ்சு ஒவ்வொரு நாளும் அந்தத் துப்பாக்கி.
நோட்டுல கோடு போடுதா.
முப்பது பேரு கோடும் மேல ஏறுது.
அழுத்திப் பிசைஞ்சா வலி பொறுக்குத அளவு கூடும்,
அவ படிச்சது அதுதான்.
என் கோடு மட்டும் கீழ.
நாலு. மூணு முந்நூறு. ரெண்டு.
பன்னிரண்டாம் நாள் ஒண்ணு அறுநூறு.

பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே கேக்கா:
"தூக்கம்?" நல்லா வருது.
"கை தூக்க முடியுதா?" பரண்ல இருந்த சட்டியை எடுத்தேன்.
"அப்ப வலி?" பாதிகூட இல்ல.
"பின்ன ஏன் அக்கா இவ்வளவு சீக்கிரம் சொல்லுதீங்க?"

எனக்கும் தெரியலை.
முதல்ல நாலு கிலோவையும் சுவத்துலதான் பார்த்தேன்.
இப்ப அழுத்தம் எங்க நிக்குது, வலி எங்க தொடங்குதுன்னு
வரப்பு மாதிரி தெரியுது.
"நீதானே தாயி தாங்கப்படாதுன்ன."

அவங்க சாரு இந்தக் கோட்டை எடுத்துருன்னு சொல்லுவாராம்.
பக்கத்துல பென்சிலால ஒரு நட்சத்திரம் போட்டா.
எடுத்தாளா இல்லையான்னு தெரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் பீடிக் கடை.
கணக்குப்பிள்ளை என் கட்டைப் பிரிச்சாரு.
வாய் மடிப்பு சரியில்லையாம்,
ஒரு பிடி எடுத்துக் கழிவுக் கூடையில போட்டாரு.
தெனம் மூணு பிடி போகும்.
கழிச்சதெல்லாம் வேற வாசல் வழியா லாரி ஏறும்,
அதுக்குக் கூலி கிடையாது.

ரெண்டாவது பிடிக்குக் கை நீண்டுச்சு.

"ம்"னேன்.

சத்தமாகூட இல்ல.
வரிசையில எனக்குப் பின்னால நின்ன பீர் பாத்து
பேச்சை நிறுத்திட்டா.
அவரு கை கட்டு மேலயே நிக்குது,
சரின்னு சொன்னேனா வேண்டாம்னு சொன்னேனான்னு
முகத்தைப் பார்க்காரு.

அந்தப் பிடியை நிறுத்துப் பார்த்தா
நூறு கிராம்கூட வராது.