விஞ்சுத்துறைக்குப் பத்து வரி

படகு இல்லத்தில் பலகை வைக்கப் போகிறார்களாம்.
ஊர் வரலாறு பத்து வரிக்குள் வேண்டும்.
"எடைமேடையில் இருந்தவர், உங்களுக்குத்தான் தெரியும்" என்று
பேரூராட்சிப் பையன் பேனாவோடு வந்து நிற்கிறான்.

எழுதிக்கொள்.
குந்தாவுக்கு மேலே அணை எழும்பியது.
தண்ணீர் ஏறி, அக்கரைக்குப் போன சாலையை விழுங்கியது.
அக்கரையில் சீகை மரம், இக்கரையில் லாரி,
நடுவே ஒன்றரை மைல் குளிர்.
அவ்வளவுதான், துறை பிறந்துவிட்டது.

தகர டிரம் கட்டிய தெப்பங்கள்,
இருமி இருமி இழுக்கிற ஒரு டீசல் படகு,
கரையில் எடைமேடை,
மேட்டுக்கு ஏற்ற கம்பி விஞ்சு.
அரசாங்கத் தாளில் நாங்கள் வெறும் நான்காம் முகாம்.
கோயிலுக்கு முன்பே சாராயக்கடை வந்தது,
சாராயக்கடைக்கும் முன்பே ஏசம்மாள் மெஸ்.
கோழிக்கோட்டு மத்தி ஐஸ் பெட்டியில் வந்திறங்கும்.
இந்த ஊருக்கு ஐஸ் எதுக்குடா என்று
தினமும் ஒருவன் கேட்பான்,
தினமும் சிரிப்போம்.

கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள்
பட்டை உரித்தன. நகமெல்லாம் கறுப்பு.
விஞ்சு ஓட்டினவன் வறீது.
சனிக்கிழமை கூலி, சனி ராத்திரி கத்தி.
ஞாயிறு காலை கம்பவுண்டர் பெஞ்சில்
குத்தினவனும் குத்துப்பட்டவனும்
ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள்.

இதுவரை எழுதிவிட்டான். ஒன்பது வரியாம்.
இன்னும் ஒன்று மிச்சம்.

தம்பி,
டிராலி ஒவ்வொன்றிலும் அரை டன் குறைத்து எழுதினேன்.
மேனேஜர் சொன்னார். எனக்கு மாதம் நாற்பது ரூபாய் தனியாக.
கூலி டன் கணக்கு; குறைந்தது யாருக்கென்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.
கம்பி தாங்குவது மூன்று டன்.
நான் எழுதியதும் மூன்று டன்.

எழுபத்தெட்டு ஆடி, காற்றுமழை.
சத்தம் வந்து சேர்வதற்குள்
சூசைராசு கீழே கிடந்தான்,
அவன் தங்கை புருஷன் பெத்துராசும்.
விசாரணைக்கு வந்த அதிகாரி
என் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எடை சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.
கையெழுத்து அழகாக இருக்கிறது என்றும் சொன்னார்.
வறீதை அனுப்பிவிட்டார்கள்,
பிரேக் போடத் தெரியாதவன் என்று.
பஸ் ஏறும்போது என்னிடம்தான்
தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனான்.

பையன் பேனாவை மூடிவிட்டான்.
"பத்தாவது வரிக்கு
இயற்கை எழில்னு போட்டுக்கறேன் சார்."

சித்திரை வெயிலில் ஏரி இறங்கியிருக்கிறது.
சேற்றுக்கு வெளியே எடைமேடையின் ஒரு மூலை,
அதன்மேல் ஒரு கொக்கு.
பக்கத்தில் புது அன்னப் படகுகள், வெள்ளை பெயின்ட்.
அதிகபட்சம் நூற்றைம்பது கிலோ என்று
கழுத்தில் எழுதியிருக்கிறது.

யார் எழுதியது என்று விசாரித்துவிட்டுத்தான்
ஏறுவேன்.