பள்ளம்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா சேர்மக்கனியின் மூக்குக்குக் கீழே
வைத்த விரலை எடுக்கவில்லை.
"இங்கன ஒரு பள்ளம் இருக்கணும்."

பள்ளம் எனக்குத் தெரியும்.
சீதபற்பநல்லூர் சூளையில்
நாளைக்கு எண்ணூறு கல் அறுத்தவள்.
ஒவ்வொன்றிலும் முதலாளி பேருக்குப் பள்ளம் விழும்.
விழாவிட்டால் என்ன,
பச்சைக் கல்லைத் திரும்பக் குழைத்துக்கொள்ளலாம்.

"மாசமா இருக்கையில குடிச்சியா?"

அவர் வெளியே டோக்கனோடு நின்றார்.
இடுப்பு வலிக்கென்று மேஸ்திரி தந்த குவாட்டரில்
பாதியை எனக்கென்று வைப்பார்,
பிரியமாகத்தான்.

ஆமா என்றேன்.

ஏழாம் வாய்ப்பாடு
நேற்று வந்தது இவளுக்கு,
இன்றைக்கு இல்லை.
'பிள்ளை சோம்பேறி இல்லை'
என்று தொடங்கி
டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதினார் டாக்டரம்மா.

பஸ்ஸில் அவர் அதைக் கேட்டார்.
கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்தான்,
ஆனாலும்
பேட்டை தாண்டியும்
முதல் வரியிலேயே இருந்தார்.