பதினெட்டாவது கிண்ணம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
பத்தொன்பது வருஷம் முத்திரை குத்தினேன்.
ஜி.எஸ்.டி. வந்து கம்பத்தைத் தூக்கி நிறுத்தியபின்
அந்த அறையில் ஒரு நாய்தான் குடியிருந்தது.
நேற்று அங்கே நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி.
சாவி என்னிடம் இருந்ததால் எனக்கும் ஒன்று.

வந்தவர்கள் நாலு பேர்.
செல்லோ, ரெபேக்கா. பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில்,
பெட்டிக்கும் ஒரு முழு டிக்கெட்.
இடக்கா, உண்ணிரவி மாரார்.
தீபாராதனைக்குக் கொட்டிவிட்டு
சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.
கிளாரினெட், பிலவேந்திரன். கோயமுத்தூரில்
சாவுக்கும் கல்யாணத்துக்கும்
ஒரே சீருடையில் ஊதுகிறவர்.
விசாலத்திடம் பதினெட்டுப் பீங்கான் கிண்ணம்
வைக்கோலில் பொதிந்து, முட்டை போல.

"பெட்டியில் என்ன?" என்று வாய் கேட்டுவிட்டது.
பழக்கம்.
ரெபேக்கா திறந்தே காட்டினாள்.

கிண்ணத்துக்குத் தண்ணீர் இல்லை.
குழாய் போன வெள்ளிக்கிழமையோடு சரி.
தமிழ்நாட்டுப் பக்கம் பஞ்சர் கடை போரில்
இரண்டு குடம் பிடித்து
எல்லைக்கல்லைத் தாண்டித் தூக்கிவந்தேன்,
ஒரு படிவமும் இல்லாமல்.
விசாலம் கரண்டியால் ஊற்றினாள், எடுத்தாள்,
ஒரு சொட்டு, விளிம்பில் மூங்கில் குச்சி,
மறுபடி ஒரு சொட்டு.
என் எடைமேடை
ஐம்பது கிலோவுக்குக் கீழே எதையும் மதித்ததில்லை.

கணவாய்க் காற்று வேறு. ஜன்னலில் கண்ணாடி கிடையாது.
ரெபேக்காவின் தாள்கள் பறக்கப் பறக்க
இழுப்பறையில் துருவேறிக் கிடந்த
முத்திரைகளை எடுத்து மேலே வைத்தேன்:
'அனுமதி', 'நிறுத்திவை'.
இரண்டும் இடவலம் மாறிய எழுத்தில்.
'நிறுத்திவை' கனம் அதிகம்.

முதல் உருப்படி புரியவில்லை.
நாலு பேரும் நாலு வீட்டில் சமைப்பது போல,
ஒருத்தர் தாளிக்கையில்
இன்னொருத்தர் அரிசி களைந்துகொண்டு.
"ஒத்திகையா, கச்சேரியா?" என்றான்
பக்கத்து நாற்காலி அய்யாசாமி, சுமை இறக்குபவன்.

இரண்டாவதில் செல்லோ மட்டும்
அடித்தொண்டையில் தொடங்கியது.
அந்தச் சத்தம் இந்த அறைக்குத் தெரியும்.

பறவைக் காய்ச்சல் வருஷம்.
பல்லடத்துக் கோழி லாரி
இரவெல்லாம் இதே ஜன்னலுக்கு வெளியே.
காகிதத்தில் ஒரு கையெழுத்து குறைவு.
விடியும்போது
மேல் இரண்டு வரிசைக் கூண்டுதான் சத்தம் போட்டது.
நான் டீ குடித்தேன்.
டிரைவர் பெயர் மறந்துபோயிற்று.

இடக்கா அங்கே நுழைந்தது.
மாரார் கயிற்றை அழுத்தக் குரல் ஏறும், விட்டால் இறங்கும்,
சொல்ல வந்ததை யாரோ விழுங்குவது போல.
பிலவேந்திரன் ஊதவில்லை.
கிளாரினெட்டின் சாவிகளை வெறுமனே தட்டினார்,
தகரத்தில் கோழி நகம்.
இவரிடம் யார் சொன்னது?

கை தட்டிவிட்டேன்.
உருப்படி முடியவில்லையாம்.
நாற்காலிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.
பிலவேந்திரன் மட்டும் எனக்குத் தலையாட்டிவிட்டு
ஊதத் தொடங்கினார்.

பிறகு நடந்ததில் பாதிதான் காதில் விழுந்தது.
காற்றில் தண்ணீர் வற்றிச் சுருதி ஏறியதாம்,
யாரும் பார்க்காமல் மூன்று தடவை ஊற்றினாளாம்.
வேப்பமரத்தடியில் கிண்ணங்களைக் கவிழ்த்தபடி
விசாலம் சொன்னாள்.
ஒவ்வொன்றும் விழும் சத்தத்தை எண்ணினேன்.
வேலை அப்படி.
பதினேழு.
பதினெட்டாவதை, ததும்பிக்கொண்டிருந்த பெரியதை,
என்னிடம் நீட்டினாள்.
"நீங்கதானே சுமந்தீங்க."

குடித்தேன். ஒரே உப்பு.
"அது கீழ் சட்ஜம்" என்றாள்,
கிண்ணத்தை வாங்கித் துடைத்துக்கொண்டே.

பூட்டிவிட்டு சைக்கிளை மிதிக்கையில்
தார்ப்பாய் படபடக்க ஒரு லாரி
நிற்காமல் எல்லை தாண்டியது.
என்ன லோடு என்று கேட்க வாய் திறந்தேன்.
ஏப்பம்தான் வந்தது.