முப்பது விநாடி

பத்து வகுப்பில் எட்டுக்குப் போனால்
எண்பது வீதம் திருப்பித் தருமாம் காப்புறுதி.
படிவத்தில் 'காரணம்' என்ற பெட்டி
என் பெருவிரல் அளவு.
நித்திரைக் குறைவு என்று எழுதினேன்.

ஹாகன் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலையின்
உடற்பயிற்சி மண்டபம்.
ரப்பர் வாசம். சுவரோடு மரப்படிகள்.
வெளியே நவம்பர்
ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டது.
டோர்ட்டே வெறுங்காலோடு வருகிறாள்,
நகத்தில் தேய்ந்துபோன ஊதாப் பூச்சு.
என்னைக் கண்டதும் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்.
"உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமே."
இல்லை டோர்ட்டே,
எனக்குத் தெரிந்தது தொடருந்து ஓட்ட.
சப்பாத்துக் கட்ட அல்லாமல்
நான் குனிந்து என் காலைத் தொட்டதில்லை.

மலை என்றாள், நின்றோம்.
மரம் என்றாள், விழுந்தோம்.
ஓய்வுபெற்ற தபால்காரர் வீஸ்மான்
விழும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டார்
யாரிடமென்று தெரியாமல்.

கடைசியில் விளக்கைக் குறைத்து
சவாசனம் என்றாள்,
ஏதோ பழத்தின் பெயர் போல.
பத்துப் பேரும் அந்தச் சொல்லுக்குள்
போர்வை இழுத்துப் படுத்தார்கள்.
அதற்குள் ஏற்கெனவே யார் கிடக்கிறார் என்று
அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

ஒக்டோபர் பன்னிரண்டு. லென்னே ஆற்று வளைவு.
மிச்சம் உங்களுக்கு வேண்டாம்.
வண்டி நின்ற பிறகு
என் முதுகுப்பக்கம், முதல் பெட்டியில்
ஒரு குழந்தை பாடிக்கொண்டிருந்தது.
அதை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டுநர் காலடியில் ஒரு மிதி உண்டு.
அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.
முப்பது விநாடிக்கொரு தடவை
காலைத் தூக்கி மறுபடி அழுத்த வேண்டும்.
மறந்தால் விளக்கு எரியும், பிறகு கூவும்,
பிறகு வண்டி தானாக நிற்கும்.
செத்தவன் மிதி என்பார்கள் பழைய ஆட்கள்.
பதினாறு வருடமாக
இருக்கிறேன், இருக்கிறேன் என்று
ஓர் இரும்புக்குக் காலால் சொல்லி வருகிறேன்.
வேறெவரும் கேட்டதில்லை.

"மூச்சை விடுங்கள்" என்கிறாள் டோர்ட்டே.
அம்மாவிடம் மூச்சு விடாதே என்றான் அண்ணன்,
அவவுக்குப் பிரஷர்.
வேலையிடத்தில் நானாகவே விடவில்லை.
ஐந்து வாரம்.
என் மொழியில் மூச்சும் பேச்சும்
ஒரே கதவால் போய் வருபவை.

இழுத்தேன். விட்டேன்.
துக்கம் வருமென்று காத்திருந்தேன்,
எல்லோரும் எனக்கென்று எடுத்து
மூடி வைத்திருந்த துக்கம்.
வந்தது அதுவல்ல.
இடப்பக்கம், விலாவுக்குக் கீழே
கொதித்துக்கொண்டிருந்தது கோபம்.
பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் மேல்.
ஏன் என் வண்டி?
அதற்கும் அடியில் இன்னொன்று,
அந்தக் கணத்தில் நான் முதன்முதல் நினைத்தது:
ஐயோ, லெட்மாத்தேயில்
இணைப்பு வண்டி தவறப்போகிறதே.

இவ்வளவுதான் நான்.
அதைப் பார்த்தபடி கிடந்தேன்.
அதுவும் என்னைப் பார்த்தது.
இருவரும் ஒன்றும் செய்யவில்லை.

பாய் சுருட்டும்போது வீஸ்மான் கேட்டார்:
"உங்கள் வலது கால்
விட்டுவிட்டுத் தாளம் போட்டதே,
என்ன பாட்டு?"

சிரிக்கப் பார்த்தேன்.
ஒரு கதிரையில் இருந்தேன்.
ஏழு வயதுக்காரருக்குச் செய்த கதிரை,
முழங்கால் நாடியில் முட்டியது.
அவர் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

பாட்டில்லை, என்றேன்.
நான் வண்டி ஓட்டுகிறவள்.

வாசலில் காவலாளி சாவியைக் குலுக்கினான்.
இரண்டாம் தடவையும் குலுக்கினான்.
வீஸ்மான் எழும்பவில்லை.

மூச்சு விட்டேன்.